பத்தாம் இடத்தில் இரண்டு பேர்

ஜோசியரின் மகள் அன்று காலை கண்ணைத் திறக்கவில்லை. திறக்க முடியவில்லை என்பதுதான் சரி. இமை இரண்டும் பன் மாதிரி உப்பி, ஓரத்தில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. "கண்ணுக்குள்ள மண்ணை அள்ளிக் கொட்டின மாதிரி இருக்கு" என்று முனகிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். வெளியே மழை ஜன்னலைத் தட்டிக்கொண்டிருந்தது.

ஜோசியருக்குக் கைகால் ஓடவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் மற்றவர்கள் டாக்டருக்கு ஃபோன் செய்வார்கள். அவர் பஞ்சாங்கத்தை எடுப்பார். ஒரு கண்ணுக்குச் சூரியன், இன்னொரு கண்ணுக்குச் சந்திரன், இரண்டு பேரும் ஒரே நாளில் கைவிடுவதென்றால் எப்படி என்று மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஈரத்துணியை மடித்து மகளின் கண்மேல் வைத்துவிட்டு, பால் வாங்கினாயா என்று கேட்கிற குரலில் கேட்டாள்.

"முகமூடி போடாம பாத்தியா?"

"பக்கத்துல இருந்தவன் சொல்லாம கொள்ளாம பத்த வெச்சுட்டாம்மா. நான் அப்பதான் மேல தூக்கி வெச்சிருந்தேன்."

"எத்தனை தரம் சொல்லியிருக்கேன்."

ஜோசியர் பஞ்சாங்கத்தை மூடினார். "எவன் எதைப் பத்த வெச்சான்?"

தாயும் மகளும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். மகளுக்குக் கண் மூடியிருந்தது. இருந்தாலும் பார்த்துக்கொண்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

"வெல்டிங்பா" என்றாள் மகள்.

அந்த ஒரு சொல் அந்த வீட்டில் என்ன செய்யும் என்று தெரிய, அவள் பிறந்த வேளைக்குப் போக வேண்டும். மேஷ லக்னம். பத்தாம் வீடு, அதாவது தொழிலுக்கான வீடு, மகரம். அதில் செவ்வாயும் சனியும் ஒரே பாகைக்குள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். செவ்வாய் நெருப்பு, சனி இரும்பு, இரண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. இவ்வளவு நெருக்கத்தில் நின்றால் அதற்குக் கிரக யுத்தம் என்று பெயர். தீயாலும் இரும்பாலும் கண்டம் என்பது ஒரு பலன். அதே இடத்தில் செவ்வாய் உச்சம், சனிக்குச் சொந்த வீடு, ஆகவே எடுத்த தொழிலில் அசைக்க முடியாத பலம் என்பது இன்னொரு பலன். தன்னிடம் வருகிறவர்களுக்கு ஜோசியர் இரண்டாவதைத்தான் அழுத்திச் சொல்வார். முதலாவதைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால், பின்னாலேயே எங்கிருந்தாவது ஒரு குரு பார்வையைத் தேடிப்பிடித்து ஒட்டி அனுப்புவார். அவரிடம் அழுதுகொண்டு வந்தவர்கள் யாரும் அழுதுகொண்டே படியிறங்கியதில்லை. தொழிலில் அவருக்கு இருந்த கெட்ட பெயரே அதுதான்: ரொம்ப நல்லதாகச் சொல்கிறார் என்று.

சொந்த மகள் என்றதும் குரு எங்கே போனார் என்றே தெரியவில்லை.

தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து அவளுக்கும் நெருப்புக்கும் இரும்புக்கும் நடுவில் அவர் குறுக்கே நின்றார். தீப்பெட்டி பரணில் இருந்தது. கத்தி, கத்தரிக்கோல் எல்லாம் பூட்டிய இழுப்பறையில் இருந்தன. அவளுக்குப் பென்சில் சீவுவது அப்பா. பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுவது அப்பா, மெழுகுவர்த்தியை ஊதுவதும் அப்பா, அவள் பக்கத்தில் நின்று கை தட்டுவாள். ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து காம்பஸை எடுத்து ஒளித்துவிட்டதால் பள்ளிக்கூடம் முழுக்க அவள் வரைந்த வட்டமெல்லாம் மருந்து பாட்டில் மூடியின் அளவில்தான் இருந்தன. பெரிய வட்டம் கேட்டால் தட்டை வைத்து வரைவாள். சைக்கிள் கூடாது. பஸ் மட்டும் பரவாயில்லை. அதில் ஐம்பது பேர் ஜாதகம் சேர்ந்து போகிறது, யாருக்காவது குரு நன்றாக இருப்பார் என்று அவரே ஒரு விதிவிலக்கு கண்டுபிடித்திருந்தார்.

அந்த மகள்தான் இப்போது ஈரத்துணிக்கு அடியிலிருந்து பேசிக்கொண்டிருந்தாள். கணக்கு எழுதும் வகுப்பு என்று சொல்லிவிட்டுத் தினமும் சாயங்காலம் போனது வெல்டிங் பயிற்சிக்கு. பயிற்சி முடியப் போகிறது. கொதிகலன் பழுது பார்க்கிற பட்டறை ஒன்றில் ஆள் எடுக்கிறார்கள். அடுத்த வியாழக்கிழமை சோதனை. தேறினால் வேலை.

"போகக் கூடாது" என்றார் ஜோசியர்.

"போவேன்பா" என்றாள். அவ்வளவுதான். குரலைக்கூட உயர்த்தவில்லை. அவருக்கு அதுதான் பயமாக இருந்தது. கத்தியிருந்தால் கத்தி அடக்கியிருக்கலாம்.

"உனக்குத் தெரியுமா இது?" என்று மனைவியிடம் திரும்பினார்.

"எனக்கு வேலைக்கு நேரமாச்சு" என்று குடையை எடுத்துக்கொண்டு அவள் இறங்கிப் போனாள்.

*

அவர்கள் குடியிருந்தது ஒரு பெயின்ட் கடைக்கு மேலே. தெருவிலிருந்து இரும்புப் படி ஏறினால் முதலில் ஜோசியர் வந்தவர்களைப் பார்க்கிற முன்னறை. ஒரு மேஜை, அவருக்கு ஒரு நாற்காலி, வருகிறவருக்கு இரண்டு. அதற்குப் பின்னால் ஒரு பலகைத் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் வீடு. பலகை மெல்லியது. தாளிக்கிற வாசனை இந்தப் பக்கமும், ஊரார் கவலையெல்லாம் அந்தப் பக்கமும் தாராளமாகப் போய் வந்துகொண்டிருந்தன.

இரண்டு நாளில் மகளுக்குக் கண் சரியாகிவிட்டது. மூன்றாம் நாள், காலையில் முதல் ஆள் வருவதற்கு முன், தடுப்பைச் சுற்றிக்கொண்டு வந்து, வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள். தன் ஜாதகத்தை மேஜைமேல் அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"என்ன இது?"

"வணக்கங்க. தொழில் விஷயமா பாக்கணும்."

"விளையாடாதே. எழுந்து போ."

"வர்றவங்களை எழுந்து போன்னு சொல்வீங்களா? முதல்ல தண்ணி வேணுமான்னு கேப்பீங்களே."

ஜோசியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது அழுக்காக இல்லை. யோசிக்க நேரம் வேண்டும்போது எல்லோரிடமும் அவர் செய்வதுதான். அதுவும் அவளுக்குத் தெரியும்.

"தொடைச்சது போதும்பா."

"உன் ஜாதகம் எனக்கு மனப்பாடம். பார்க்க ஒண்ணுமில்லே. பத்துல செவ்வாயும் சனியும் சேர்ந்திருக்கு. நெருப்பு, இரும்பு. ரெண்டும் சண்டை போட்டுக்கிட்டு நிக்குது. நீ அதுக்கு நடுவுல போய் நிக்கறேங்கறே."

"நெருப்பும் இரும்பும் சேர்ந்தா வெல்டிங்தானேப்பா? பத்தாம் இடம் தொழில்தானே? இதைவிட வெவரமா எந்த கிரகம் சொல்லும்?"

ஜோசியருக்குக் கோபம் வந்துவிட்டது. மகள் மீறியதற்கு வராத கோபம், தொழில் விஷயத்தில் வந்தது. "இது ரோட்டோர ஜோசியம். ரெண்டு பேர் சேர்ந்து உக்காந்திருந்தா உடனே அவங்க பேரைக் கூட்டி ஒரு பலன் சொல்லிடறதா? பாகை பார்க்கணும், பலம் பார்க்கணும், யார் யாரைத் தள்ளறான்னு பார்க்கணும்!"

"பாருங்க. அதுக்குத்தான் வந்திருக்கேன்."

"பார்த்துட்டேன். கண்டம்."

"லாரி ஓட்டறாரே, மீசைக்காரர், அவருக்கும் இதே சேர்க்கைதானே? அவருக்கு என்ன சொன்னீங்க?"

ஜோசியர் பஞ்சாங்கத்தை இடம் மாற்றி வைத்தார்.

"நான் அந்தப் பக்கம் உக்காந்து பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டிருந்தேன். 'இரும்பு உங்களுக்கு வேலைக்காரன்யா, பயப்படாம ஏறி உக்காருங்க'ன்னீங்க. அவர் சிரிச்சுக்கிட்டே படியிறங்கினாரு. கொல்லுப்பட்டறைக்காரர் பையனுக்கும் அதையேதான் சொன்னீங்க. ஒரு பலகை தள்ளி உக்காந்ததுக்கு எனக்கு மட்டும் காம்பஸைக்கூட எடுத்து வெச்சுட்டீங்க."

"அவங்க வெளியாளு."

"இன்னிக்கு நானும் வெளியாளு. வெளியாளா நெனச்சுச் சொல்லுங்க."

அவர் ஜாதகத்தைப் பார்த்தார். தானே எழுதிய கட்டம். பத்தாம் வீட்டில் மட்டும் எழுத்து கோணலாக இருந்தது, மற்ற வீடுகளிலெல்லாம் அழகாக இருந்தது. வெளியாளாக நினைத்துப் பார்க்க முயன்றார். செவ்வாய் உச்சம். சனி ஆட்சி. எந்த ஜோசியனும் எழுந்து நின்று கும்பிடுகிற பலம். உடனே அவளுடைய ஈரத்துணிக் கண் ஞாபகம் வந்தது. பலம் மங்கிவிட்டது.

"ஆபத்து இருக்கும்மா" என்றார், கடைசியில். "நான் பொய் சொல்லலே. அதுல இருக்கு."

"இருக்கட்டும்பா. இல்லேன்னு நான் சொல்லலியே. பட்டறையில நுழைஞ்சதும் முதல் பாடமே அதுதான். எங்கெங்க ஆபத்துன்னு ஒரு நாள் முழுக்கச் சொல்லித் தந்தாங்க. அப்புறம்தான் வெல்டிங் ராடைக் கையில குடுத்தாங்க."

அப்போது இரும்புப் படி அதிர்ந்தது. ஏறுகிற விதத்திலேயே யாரென்று தெரிந்துவிட்டது. ஜோசியர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

*

அவருடைய அக்கா அவரை வளர்த்தவள். அந்த உரிமையை அவள் மறந்ததுமில்லை, மற்றவர்களை மறக்க விட்டதுமில்லை. உள்ளே வந்ததும் குடையை உதறி, ஈரத்தையெல்லாம் மேஜைமேல் தெளித்து, இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கேள்விப்பட்டேன்" என்றாள்.

யாரிடம் என்று யாரும் கேட்கவில்லை. அவள் கேள்விப்படுவாள்.

"டேய் தம்பி, ஊரு உலகத்துக்கெல்லாம் நீ நல்லது கெட்டது சொல்றே. உன் பேச்சை உன் பொண்ணே கேக்கலேன்னா நாளைக்கு எவன்டா உன்னைத் தேடி இந்தப் படி ஏறுவான்?"

"அத்தை, அந்தப் படி மூணாவது இடத்துல ஒட்டு விட்டுப்போயிருக்கு. யாரு ஏறினாலும் கொஞ்சம் பாத்துதான் ஏறணும். நானே பத்த வெச்சுத் தர்றேன்" என்றாள் மகள்.

"வாயைப் பாரு! எல்லாம் நீ குடுத்த செல்லம்."

"நான் எங்கேக்கா குடுத்தேன்? ஒரு கத்தரிக்கோல்கூடக் குடுக்கலியே."

"சிரிப்புக் காட்டாதே. ரெண்டுல ஒண்ணு சொல்லு. ஜோசியம் நெசம்னா அவளைத் தடுத்து நிறுத்து. அவளை அனுப்பறதா இருந்தா, இத்தனை வருஷம் சொன்னதெல்லாம் பொய்யின்னு வாசல்ல எழுதிப் போட்டுடு. அவ போனா, திரும்பி வர்றதுக்கு இந்த வீடு கிடையாதுன்னு இப்பவே என் முன்னாடி சொல்லு."

ஜோசியர் வாயைத் திறந்தார். என்ன வரப்போகிறது என்று அவருக்கே தெரியவில்லை. அக்கா எதிரில் அவர் வாயிலிருந்து பெரும்பாலும் "சரிக்கா"தான் வரும். மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதுவரை திமிராக இருந்த முகம் அந்த ஒரு கணம் சின்னப் பிள்ளை முகமாக ஆனது. வேலைக்கு அவள் யாரையும் கேட்கப் போவதில்லை. வீட்டுக்குத் திரும்பி வரலாமா என்பதைத்தான் அவரிடம் கேட்க வேண்டியிருந்தது.

அப்போதுதான் தடுப்புக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி வந்தாள். வேலைக்குக் கிளம்பியிருந்தாள். ஆஸ்பத்திரி லாண்டரியில் அவளுக்கு வேலை. மலைபோல் வருகிற போர்வைகளையும் படுக்கை விரிப்புகளையும் நீராவி உருளையில் கொடுத்து இஸ்திரி போட்டு எடுப்பது.

"அண்ணி, டீ ஆறுது, குடிங்க" என்று தம்ளரை வைத்தாள். பிறகு வேலைக்குப் போடுகிற முழுக்கைச் சட்டையை முழங்கைவரை சுருட்டி, இரண்டு கையையும் மேஜைமேல், ஜாதகத்துக்குப் பக்கத்தில் நீட்டினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கோடு கோடாகத் தழும்பு. பழசு வெளுத்திருந்தது, புதுசு சிவந்திருந்தது.

"இதுக்கு என்னங்க சேர்க்கை?" என்று கணவரிடம் கேட்டாள்.

"எது?"

"உருளை இரும்பு. கொதிக்கிற இரும்பு. அது முன்னாடி கல்யாணம் ஆன நாளா நிக்கறேன். நீங்க பேர் வாங்கறதுக்கு முன்னாடி இந்த வீட்டு வாடகையை அதுதான் குடுத்துச்சு. எனக்கு எந்த வீட்டுல செவ்வாய், எந்த வீட்டுல சனி? சொல்லுங்க பாப்போம்."

கல்யாணப் பொருத்தம் பார்த்த அன்று ஜோசியர் அவள் ஜாதகத்தைப் பார்த்தது. எட்டுப் பொருத்தம் இருக்கிறது என்று சந்தோஷமாக மடித்து வைத்தது. அப்புறம் அதைத் திறக்கவேயில்லை.

"பாக்கலே, இல்லே? நல்லவேளை. பாத்திருந்தா என்னையும் நிறுத்தியிருப்பீங்க, அன்னிக்கே பட்டினி கிடந்திருப்போம்." அவள் சட்டைக் கையை இறக்கிவிட்டாள். "அவளுக்கு எட்டு வயசுலயே அடுப்புப் பத்த வைக்கக் கத்துக்குடுத்துட்டேன். நான் ராத்திரி ஷிஃப்ட் போனா உங்க ரெண்டு பேருக்கும் யாரு முட்டை வேக வெச்சதுன்னு நெனச்சீங்க? நான் வெச்சுட்டுப் போனதுன்னா? காலையில எப்படிங்க அது சூடா இருக்கும்?"

ஜோசியர் வாழ்க்கையில் தின்ற அத்தனை சூடான முட்டையும் வரிசையாக அவர் கண்முன் வந்து போயின.

"ஆக எல்லாரும் சேர்ந்துதான் இவனை முட்டாளாக்கியிருக்கீங்க" என்றாள் அக்கா.

"அது ஒண்ணும் பெரிய வேலையா இருந்திருக்காதுக்கா" என்றார் ஜோசியர் மெதுவாக.

ஆனால் அக்கா கேட்டதற்கு அன்றைக்கு அவர் பதில் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. வந்தவர்களுக்கு அன்று அவர் சொன்ன பலனெல்லாம் வழவழாகொழகொழா என்று இருந்ததாகப் பிறகு பேசிக்கொண்டார்கள்.

*

வியாழக்கிழமை மழை விட்டிருந்தது. மகள் தடித்த துணிச் சட்டையும் மூடின ஷூவும் போட்டுக்கொண்டு படியிறங்கும்போது ஜோசியர் கீழே நின்றுகொண்டிருந்தார், செருப்போடு.

"எங்கேப்பா?"

"உன்கூட."

"தடுக்கவா?"

"தெரியலே. நடந்துக்கிட்டே யோசிக்கிறேன்."

"நல்ல நேரம் பாத்தீங்களா?"

"பார்த்தேன். மோசமான நேரம். நட."

பட்டறை ஆற்றோரம் இருந்தது. தகரக் கூரை. அதன் அடியில் வயிற்றைக் கிழித்துப்போட்ட மாதிரி கொதிகலன்கள் கிடந்தன. இரும்பு தேய்க்கிற கிரைண்டர் சத்தம் பல்லைக் கூசவைத்தது. ஃபோர்மன் குண்டான மனிதர், ஒரு பக்கப் புருவம் இல்லாதவர். அதைப் பார்த்ததுமே ஜோசியருக்கு அவர் ஜாதகம் பாதி தெரிந்துவிட்ட மாதிரி இருந்தது. சோதனை எளிது. இரண்டு தகடுகளை ஒட்டிப் பற்றவைக்க வேண்டும். அதிலிருந்து ஒரு பட்டையை வெட்டி, அழுத்துகிற இயந்திரத்தில் வைத்து லாடம் மாதிரி வளைப்பார்கள். ஒட்டின இடம் வாயைத் திறந்தால் தோல்வி.

மகள் குனிந்து பற்றவைத்தாள். அவர் கண்ணைப் பொத்திக்கொண்டு முதுகைக் காட்டி நின்றார். பட்டையை வெட்டினார்கள், வளைத்தார்கள். டக்கென்று ஒரு சத்தம். ஒட்டின இடம் மீன் வாய் மாதிரி திறந்துகொண்டது.

"உள்ளே கசடு நின்னுபோச்சு. அவசரப்பட்டுட்டே" என்றார் ஃபோர்மன். "இன்னொரு வாய்ப்பு உண்டு. வீட்டுக்குப் போயிட்டு அடுத்த வாரம் வா."

இதோ, சொன்னது நடந்துவிட்டது. கூட்டிக்கொண்டு போய்விடலாம். அக்காவுக்கும் பதில் ஆயிற்று. அவர் திரும்பி மகளின் முகத்தைப் பார்த்தார். அது அழுகிற முகமாக இல்லை. உடைந்த பட்டையை வெளிச்சத்தில் பிடித்து, எங்கே விட்டோம் என்று அவள் தேடிக்கொண்டிருந்தாள். அவர் ஜாதகத்தைப் பார்க்கிற மாதிரியே, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு.

"இப்பவே செய்யறேன். தகடு குடுங்க" என்றாள்.

"மறுபடி அவசரப்படறே பாரு."

"இல்லே, நிதானமா செய்யறேன். குடுங்க."

இந்தத் தடவை யாரோ ஜோசியர் கையில் ஒரு கறுப்புக் கண்ணாடி முகமூடியைத் திணித்தார்கள். அவர் மாட்டிக்கொண்டார். ஒரே இருட்டு. பட்டறை, மகள், சொந்தக் கை, எதுவும் தெரியவில்லை. பிறகு அந்த இருட்டில் பச்சையாக ஒரு புள்ளி முளைத்து, அவசரமே இல்லாமல் நகர ஆரம்பித்தது. அதன் பின்னால் இரண்டு இரும்பும் உருகி ஒன்றுக்குள் ஒன்று போவது தெளிவாகத் தெரிந்தது. இத்தனை வருஷம் கிரகங்களை வைத்துப் பிழைத்த மனிதர் ஒரு ராத்திரிகூட மொட்டைமாடிக்குப் போய் அவற்றை அண்ணாந்து பார்த்ததில்லை. எல்லாம் கட்டத்துக்குள்தான். புள்ளி அணைந்த பிறகும் முகமூடியைக் கழற்ற அவருக்கு மனம் வரவில்லை.

கழற்றினபோது சுற்றிலும் ஆட்கள் கூடியிருந்தார்கள். லாரிக்காரர் எப்போதோ ஜோசியம் பார்க்கக் கூட்டிவந்த ஒருவன் அவரை அடையாளம் கண்டுகொண்டான்.

"ஐயா, நம்ம பெயின்ட் கடை ஜோசியர்தானே நீங்க? உங்க பொண்ணா இது?"

"ஆமா."

வெட்டின புதுப் பட்டை இயந்திரத்தில் ஏறியிருந்தது. ஃபோர்மன் விசையில் கை வைத்து, சிரித்துக்கொண்டே நிறுத்தினார். "அப்படின்னா வளைக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்களேன். தாங்குமா, தாங்காதா?"

எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள். மகளும் பார்த்தாள். ஜோசியர் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கவில்லை.

"தெரியாது" என்றார்.

கேட்டவர்களுக்கு நம்ப முடியவில்லை. வாய் விட்டு அந்தச் சொல்லைச் சொல்லி அவருக்கும் பழக்கமில்லை, ஆகவே இன்னொரு தரம், பட்டறைக்கே கேட்கிற மாதிரி சொன்னார். "எனக்குத் தெரியாதுய்யா. உடைஞ்சா இன்னொண்ணு செய்வா. எங்க வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டு மறுபடி வந்து செய்வா. நீங்க வளைங்க!"

ஃபோர்மன் விசையை இழுத்தார். அழுத்துகிற தண்டு இறங்கியது. பட்டை முனகிக்கொண்டே வளைந்தது, இன்னும் வளைந்தது, லாடமாக ஆகி நின்றது. ஃபோர்மன் அதை எடுத்து வளைவின் மேல் கட்டைவிரல் நகத்தை ஓட்டினார். திரும்ப ஓட்டினார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். குற்றம் கண்டுபிடிக்கிற ஆசை முகத்தில் தெரிந்தது. கிடைக்கவில்லை.

"திங்கக்கிழமை வந்துடு" என்று மகளிடம் சொல்லிவிட்டு, பட்டையை ஜோசியர் கையில் போட்டார். அது இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. ஒட்டின இடம் எதுவென்று அவர் விரலால் தேடினார். மகள் வந்து காட்டினாள்.

அப்போது சட்டைப்பையில் ஃபோன் அடித்தது. அக்கா.

"என்னடா ஆச்சு? சொன்னேனே, கேட்டியா? தடுத்தியா இல்லையா?"

"அக்கா, கையில இரும்பு இருக்கு" என்றார் ஜோசியர். "சூடா இருக்கு. அப்புறம் பேசறேன்."

அவரே ஃபோனை வைத்தார்.